சிரிக்க வைப்பவனுக்குக் கதையில் இடம் உண்டா? - பார்க்க வேண்டிய தமிழ் நகைச்சுவைப் படங்கள்

2019 மே மாதக் கடைசியில் இணையத்தில் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்க, நம்மாள் ஒருவர் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்த கதையைப் போய்ச் சொல்ல, மறுநாளே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி உலக அளவில் ட்ரெண்டிங். மே 30 அன்று டெல்லியில் புதிய அமைச்சரவையே பதவியேற்றது. நம் ஆட்களுக்கு நேசமணியின் மண்டை அதைவிட முக்கியமாக இருந்தது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தச் சுத்தியல் 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தின் கதை என்ன என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சுத்தியல் காட்சியை வசனம் பிசகாமல் நடித்துக் காட்ட ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். கதையைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. சிறு வயதில் நடந்த ஒரு மரணத்தின் குற்ற உணர்ச்சியைச் சுமந்து திரியும் ஒருவனின் கதை அது. இரண்டாம் பாதி முழுக்கக் கண்ணீர். நேசமணி அந்தக் கதையில் ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

நாம் நகைச்சுவைப் படங்களைப் பார்ப்பதில்லை, நகைச்சுவைக் காட்சிகளைப் பார்க்கிறோம். டிவியில் அரை மணி நேர காமெடி நிகழ்ச்சி, பிறகு யூட்யூப் துண்டு, இப்போது அதைவிடச் சின்ன மீம். படத்திலிருந்து காட்சியைப் பிய்த்தோம், காட்சியிலிருந்து முகத்தைப் பிய்த்தோம், முகத்திலிருந்து ஒரு வார்த்தையைப் பிய்த்துக்கொண்டோம்.

இதற்கு நம்மை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தமிழ் சினிமா தன் நகைச்சுவையைத் தயாரித்த விதமே அப்படி, பிய்த்தால் தனியாக வந்துவிடும். அது எப்படி என்ற வரலாற்றையும், அந்தப் பழக்கத்தை மீறி வந்த முழு நீள நகைச்சுவைப் படங்களையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு பரீட்சை முடிந்து இன்னொரு பரீட்சை தொடங்கும் முன் பார்த்து முடிக்கிற அளவுக்கு ஒரு பட்டியலும் கடைசியில் உண்டு.

தனி ட்ராக் எங்கிருந்து வந்தது?

தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜாவை அறிமுகம் செய்வான், கிண்டலும் செய்வான், நடுநடுவே பார்க்கிற சனங்களோடு பேசுவான். கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியேயும் இருப்பான். பிறகு வந்த ஸ்பெஷல் நாடகத்தில் அந்த வேலையை பபூன் செய்தார். ராத்திரி முழுக்க நடக்கும் நாடகத்தில் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ ஒரு பக்கம் ஓடும், பபூன் தன் காட்சியைத் தானே பேசி, தானே பாடி ஒப்பேற்றிவிட்டுப் போவார்.

1931இல் 'காளிதாஸ்' படத்தோடு தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது நாடக மேடையில் இருந்தவர்களே சினிமாவுக்கும் வந்தார்கள். பபூனும் கூடவே வந்தார்.

இந்த முறைக்கு ஒரு ஒழுங்கையும் மரியாதையையும் கொடுத்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவில் பக்கம் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி என்று வளர்ந்து திரைக்கு வந்தவர், 1936இல் 'சதிலீலாவதி'யில் நடித்தார். (எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம்.) அதே ஆண்டு 'வசந்தசேனா' படத்தில் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். திரையிலும் வாழ்க்கையிலும் ஜோடியானார்கள்.

கலைவாணர் தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தன் குழுவை வைத்துத் தானே அமைத்துக்கொள்வார். நாயகனுடைய சோகம் ஒரு பக்கம், இவர்களுடைய கூத்து மறுபக்கம். ஜனங்கள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கினார்கள். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு அவரும் கைதானபோது, தமிழ் சினிமாவின் பாட்டும் சிரிப்பும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. 1947இல்தான் இருவரும் விடுதலையானார்கள். வெளியே வந்த கலைவாணர் செய்ததைக் கவனியுங்கள். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவரே நாயகன், திரைக்கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. ஓரத்தில் நின்று சிரிக்க வைத்தவர் நடுவில் வந்து நின்றார்.

ஆனால் தொழில் அவருடைய அந்த இரண்டாவது பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை, முதல் பாடத்தையே எடுத்துக்கொண்டது. நகைச்சுவை நடிகருக்குத் தனிக் கால்ஷீட், தனி வசனகர்த்தா, தனியாக நாலைந்து நாள் படப்பிடிப்பு. அவர் கதாநாயகனைப் பார்க்காமலே படம் முடிந்துவிடலாம். விநியோகஸ்தருக்கும் வசதி: கதை படுத்தாலும் காமெடி தூக்கிவிடும் என்று ஒரு தைரியம்.

இந்த முறையை நான் மட்டம் தட்டவில்லை. அதில் மேதைகள் இருந்தார்கள். 1959இல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு' கண்ணைப் பிழிய வைக்கும் முக்கோணக் காதல் கதை. அதற்குள் தங்கவேலு 'மன்னார் அண்டு கம்பெனி'யில் வேலை என்று மாமனார் வீட்டில் அடித்துவிடும் பொய் இருக்கிறதே, அதைத் தனியாக எடுத்து இன்றைக்கும் பார்க்கலாம். மன்னார் அண்டு கம்பெனி என்பது நம் பேச்சிலேயே கலந்துவிட்டது. ஆனால் தங்கவேலுவின் பொய் வெளிப்பட்டாலும் கதாநாயகனின் வாழ்க்கையில் ஒரு மாற்றமும் வராது. ட்ராக் என்றால் அதுதான். ரயில் தண்டவாளம் மாதிரி, கூடவே வரும், சேரவே சேராது.

1941: ஒரே பெயரில் இரண்டு முட்டாள்கள்

முழு நீள நகைச்சுவையின் கதையை 'சபாபதி' (1941) படத்திலிருந்து தொடங்கலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி.மெய்யப்ப செட்டியார் படமாக எடுத்தார். ஏ.டி.கிருஷ்ணசாமி இணை இயக்குநர்.

அந்தக் காலத்து நாயகன் என்றால் பாகவதர் மாதிரி உச்சஸ்தாயியில் பாட வேண்டும், தலைமுடி தோளில் புரள வேண்டும். 'சபாபதி'யில் டி.ஆர்.ராமச்சந்திரன் வருவார், உருட்டும் முழியோடு. பணக்கார வீட்டுப் பிள்ளை, படிப்பு ஏறாத பேர்வழி. அவருக்கு ஒரு வேலைக்காரன், காளி என்.ரத்தினம். அவன் பெயரும் சபாபதி. சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்வான். சோடாவை உடைத்துக் கொண்டு வா என்றால் பாட்டிலை உடைத்துக் கொண்டுவருகிற ரகம்.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே அளவு மூளை. ஒருத்தன் ஏன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தன் ஏன் நின்றுகொண்டிருக்கிறான்? அப்பன் சொத்து. வேறு காரணமே இல்லை. படம் இதைப் பிரசங்கமாகச் சொல்லாது, ஆனால் சிரித்து முடித்ததும் மண்டையில் உறைக்கும். தமிழ் வாத்தியாராக வரும் கே.சாரங்கபாணியையும் தவறவிடாதீர்கள். இந்தப் படத்தில் ட்ராக் என்று ஒன்றைப் பிரிக்கவே முடியாது. படமே ட்ராக்!

பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஒலி கரகரக்கும் என்று தயங்காதீர்கள். 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று பார்க்க வழியே இல்லை, பிரதிகள் அழிந்துவிட்டன. 'சபாபதி' பிழைத்துக் கிடக்கிறது. பிழைத்துக் கிடப்பதைப் பார்க்காமல் விடுவது அநியாயம்.

1960 முதல் 1964 வரை: பொய்யைக் கட்டி எழுப்பும் கலை

'அடுத்த வீட்டுப் பெண்' (1960) பார்த்திருக்கிறீர்களா? இந்தி 'படோசன்' (1968) தெரிந்த பலருக்கு இது தெரியாது. இரண்டுக்கும் மூலம் 'பாஷேர் பாடி' (1952) என்ற வங்காளப் படம். பாட வராத நாயகன், பாட்டுப் பிரியையான பக்கத்து வீட்டுப் பெண், நாயகன் வாயசைக்கப் பின்னால் இருந்து பாடும் நண்பன். நாயகன் மறுபடியும் அதே டி.ஆர்.ராமச்சந்திரன், நண்பன் தங்கவேலு, நாயகி அஞ்சலிதேவி. 'கல்யாணப் பரிசு' வந்த மறு வருடமே வந்த படம். தங்கவேலு ஓரத்தில் இருப்பதற்கும் கதையின் அச்சாணியாக இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க, இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

பிறகு 1964. 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர் இயக்கம், அவரோடு சித்ராலயா கோபு, ஈஸ்ட்மென் கலர், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் முதல் படம்.

எல்லோருக்கும் தெரிந்த காட்சி ஒன்று: படம் எடுக்கப்போகும் செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பா விஸ்வநாதனுக்கு (டி.எஸ்.பாலையா) பேய்க் கதை சொல்வது. நாகேஷைத்தான் எல்லோரும் புகழ்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். வசனமே இல்லாமல் பயந்துகொண்டிருப்பார். அத்தனை காலம் வில்லனாக மிரட்டிய மனிதர்!

இந்தக் காட்சியைத் தனியாகப் பார்த்தாலும் சிரிப்பு வரும். முழுப் படத்தில் பார்த்தால் வேறு ஒன்று புரியும். செல்லப்பாவின 'ஓஹோ புரொடக்சன்ஸ்' இந்தக் கதைக்கு ஒட்டுப் போட்ட துணி இல்லை. அப்பாவுக்குப் பணத்தின் மேல் ஆசை. அதனால் பிள்ளைக்குப் படமெடுக்கக் காசு தரமாட்டார், பெண்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை தேடுவார். அதனால்தான் அசோக் (ரவிச்சந்திரன்) பணக்காரன் என்று பொய் சொல்ல நேர்கிறது. அதனால்தான் நண்பன் வாசு (முத்துராமன்) கிழவன் வேஷம் போட்டு அவனுக்கு அப்பாவாக வர நேர்கிறது. வந்த இடத்தில் வாசுவின் சொந்தக் காதலியும் அதே வீட்டுப் பெண்! ஒரே ஒரு பேராசையிலிருந்து முளைத்த கிளைகள் இவ்வளவும். இதைத்தான் கட்டுமானம் என்கிறேன். இந்தப் படம் தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965), இந்தியில் 'ப்யார் கியே ஜா' (1966) என்று போனதற்கும் அதுவே காரணம். நடிகர்களை மாற்றலாம், கட்டுமானம் நிற்கும்.

அதே 1964இல் 'சர்வர் சுந்தரம்' வந்தது. பாலசந்தர் கதை வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், நாகேஷ் நாயகன். ஹோட்டல் சர்வர் ஒருவன் சினிமாவில் பெரிய நகைச்சுவை நடிகனாகிறான், ஆனால் அவன் நேசித்த பெண் கிடைக்கவில்லை. இது முழு நகைச்சுவைப் படம் இல்லை. ஆனாலும் என் பட்டியலில் வைக்கிறேன். ஊரையே சிரிக்க வைப்பவனுக்குக் கதையில் என்ன இடம் என்ற கேள்வியை நேராகக் கேட்ட படம் அதுதான்.

சபா மேடையிலிருந்து வந்த மூன்று

அறுபதுகளில் சென்னை சபாக்களில் நாடகம் கொடிகட்டிப் பறந்தது. பாலசந்தர், சோ, கோபு எல்லோரும் அங்கே புழங்கியவர்கள். மேடையில் வெளிப்புறக் காட்சி கிடையாது, சண்டை கிடையாது. ஒரு வீட்டுக் கூடம், ஐந்தாறு பேர், ஒரு சிக்கல், அவ்வளவுதான். அந்தப் பயிற்சி முழு நீள நகைச்சுவைக்கு ரொம்ப உதவியது.

'பாமா விஜயம்' (1967), பாலசந்தர் படம். கூட்டுக் குடும்பம் ஒன்றின் பக்கத்து வீட்டுக்கு நடிகை பாமா (ராஜஸ்ரீ) குடி வருகிறாள். அவள் முன்னால் பணக்காரர்களாகக் காட்டிக்கொள்ள மூன்று மருமகள்களும் கடன் வாங்கிச் சாமான் குவிக்கிறார்கள். மாமனார் மறுபடியும் பாலையா. மாதாந்திரத் தவணையில் போன் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கும் நம் தலைமுறைக்காகவே எடுத்த மாதிரி இருக்கும்.

'முகமது பின் துக்ளக்' (1971), சோ எழுதி இயக்கி நடித்தது. 1968இல் நாடகமாக வந்து பிறகு படமானது. கல்லறையிலிருந்து துக்ளக்கும் இபின் பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகவும் ஆகிவிடுகிறார். மொழிச் சண்டைக்கு அவர் கண்ட தீர்வு: பாரசீகம் ஆட்சிமொழி! ஆதரவு கொடுத்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. சோவின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். (எனக்குப் பல இடங்களில் ஒப்புதல் இல்லை.) ஆனால் அரசியல் நையாண்டியை ஒரு ஓரக் காட்சியாக வைக்காமல் முழுப் படமாகவே எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

'காசேதான் கடவுளடா' (1972), கோபுவின் இயக்கம். இதுவும் மேடையிலிருந்து வந்ததுதான். பணப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் சித்தியாக மனோரமா, அந்தப் பணத்தைக் கிளப்பத் திட்டம் போடும் பிள்ளைகள், அதற்காகச் சாமியாராக வேஷம் கட்டி வரும் டீக்கடை அப்பாசாமியாக தேங்காய் சீனிவாசன். பக்திப் பரவசமும் மெட்ராஸ் பாஷையும் ஒரே வாயில் மாறி மாறி வரும். இங்கே மனோரமாவைக் கவனியுங்கள். பெண் நகைச்சுவை நடிகை என்றால் காமெடியனுக்கு ஜோடி, அவனிடம் அடி வாங்குவதற்கு ஒரு ஆள் என்பதே அன்றும் பின்னும் வழக்கம். இந்தப் படத்தில் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. கதையே அவரைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1981 முதல் 1990 வரை: நாயகர்களே இறங்கி வந்தார்கள்

1980இல் 'பில்லா', 'முரட்டுக்காளை' என்று ரஜினி அதிரடியில் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே பாலசந்தர் அவரை 'தில்லுமுல்லு'வில் ஒரு பொய்யனாக நடிக்க வைத்தார். ஹ்ருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' (1979) படத்தின் தமிழ் வடிவம், வசனம் விசு. மீசை வைத்தவன்தான் யோக்கியன் என்று நம்பும் முதலாளி (தேங்காய் சீனிவாசன்). மேட்ச் பார்க்கப் போன இடத்தில் அவரிடம் மாட்டிக்கொண்ட சந்திரன், அது நானில்லை, என் தம்பி இந்திரன், அவனுக்கு மீசை கிடையாது என்று ஒரு பொய் சொல்கிறான். அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு அம்மாவையே உண்டாக்க வேண்டியிருக்கிறது. வேலை கிடைக்காத இளைஞனுடைய பொய் என்பதால் நமக்குக் கோபமே வராது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

1985இல் பாண்டியராஜன் இயக்கி நடித்த 'ஆண்பாவம்'. ஊரில் சினிமாக் கொட்டகை கட்டும் அப்பாவாக வி.கே.ராமசாமி, பாட்டியாகக் கொல்லங்குடி கருப்பாயி. கிராமத்து நகைச்சுவை என்றால் கோமாளித்தனம் என்று நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். இதில் யாரும் சிரிக்க வைக்க மெனக்கெடவே மாட்டார்கள்.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (கன்னடத்தில் 'புஷ்பக விமானா'). வசனமே கிடையாது. வேலையில்லாத இளைஞனுக்குத் திடீரென்று ஒரு பணக்காரனின் ஹோட்டல் அறை கிடைக்கிறது, அவ்வளவுதான் கதை. வசனம் இல்லையென்றால் பஞ்ச் டயலாக் இல்லை, மீம் போட வார்த்தை இல்லை. முழுதாகப் பார்த்தே ஆக வேண்டும்!

பிறகு 1990 தீபாவளிக்கு அதே சிங்கீதத்தின் 'மைக்கேல் மதன காம ராஜன்'. கமல் திரைக்கதை, கிரேசி மோகன் வசனம். நான்கு சகோதரர்கள், நான்கு ஊர்ப் பேச்சு. பாலக்காட்டுச் சமையல்காரன் காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழுந்த கதையை நான் சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். மலை விளிம்பில் வீடு ஊசலாடும் கிளைமாக்ஸ், சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்துக்கு ஒரு வணக்கம். மோசடி செய்யும் அவிநாசியாக நாகேஷ் வருகிறார். 'காதலிக்க நேரமில்லை'க்கும் இதற்கும் 26 வருட இடைவெளி. கட்டுமானம் ஒரே பரம்பரை.

அதே நேரத்தில் ட்ராக் முறையும் உச்சத்தில் இருந்தது. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தின் பெட்ரோமாக்ஸ் லைட்டும், 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழமும் ஏ.வீரப்பன் எழுத்தில் பிறந்தவை. கவுண்டமணி-செந்தில் ஜோடியின் நேரக் கணக்கு அபாரம், மறுப்பே இல்லை. ஆனால் வரிசையாக இந்தக் காட்சிகளைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். கதை இல்லாத இடத்தில் சிரிப்புக்கு எரிபொருள் எங்கிருந்து வரும்? நிறம், வழுக்கை, தொப்பை, திக்குவாய், பின்னால் ஒரு உதை. ஒருத்தன் அடிப்பான், ஒருத்தன் வாங்குவான். அடி வாங்குபவனுக்கு வீடு இருக்கிறதா, ஊர் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிக்க முடியாது. 'தில்லுமுல்லு' சந்திரனைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும், அதனாலேயே சிரிக்கிறோம். முழு நீள நகைச்சுவைக்கும் துண்டு நகைச்சுவைக்கும் உள்ள வித்தியாசமாக நான் நினைப்பது இதைத்தான்.

2006க்குப் பிறகு

வடிவேலுவை ஒரு இயக்குநர் முழுக் கதைக்குள் கொண்டுவர 2006 வரை ஆனது. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. இயக்கிய சிம்புதேவன் விகடனில் கார்ட்டூன் போட்டவர், தயாரித்தவர் ஷங்கர். முட்டாள் ராஜாவாகவும் அவனுடைய இரட்டைச் சகோதரனாகவும் வடிவேலு. வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, குளிர்பானத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்துக்கொண்டு, ஜாதிச் சண்டை போட மைதானம் கட்டித் தரும் ராஜா. 18ஆம் நூற்றாண்டுக் கதை என்று சொல்லிக்கொண்டு 21ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசிய படம். நேசமணி இங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர்.

2010இல் சி.எஸ்.அமுதனின் 'தமிழ் படம்' நம் சினிமாவின் எல்லாப் பழக்கங்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கலாய்த்தது. அதற்குப் பின் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012), 'சூது கவ்வும்' (2013), 'முண்டாசுப்பட்டி' (2014) என்று ஒரு புது வரிசை. இவற்றில் தனி ட்ராக் கிடையாது. கதையே விபரீதமாக இருக்கும், பாத்திரங்கள் முகத்தை சீரியசாக வைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021). சூரங்குடி என்ற ஊர். இரண்டு ஜாதிக் கட்சிகள், பஞ்சாயத்துத் தேர்தல், இரண்டு பக்கமும் சம ஓட்டு. மரத்தடியில் முடிவெட்டும் ஒருவனுக்கு (யோகி பாபு) சொந்தப் பெயர்கூட இல்லை, ஊரார் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறார்கள். போஸ்ட் ஆபீஸில் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் அமைகிறது. வாக்காளர் அட்டையும் வருகிறது. இப்போது ஜெயிப்பதற்குத் தேவையான அந்த ஒரு ஓட்டு அவனுடையது!

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேலைக்காரன், சர்வர், முடிவெட்டுபவர், கூலியாள். தமிழ் சினிமாவில் காமெடியனுக்கு வழக்கமாகக் கிடைத்த வேலைகள் இவை. நாயகனின் கதை நடக்கும்போது அவர்கள் பக்கத்தில் நின்று அடி வாங்கினார்கள், நாம் சிரித்தோம். 'மண்டேலா'வில் அதே ஆள், அதே உருவம். முதல் பாதியில் ஊர் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். பிறகு கதை அவனுடையதாக மாறுகிறது. அதற்கப்புறம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மாறிவிடுகிறது. 1941 சபாபதியிடமிருந்து இங்கே வந்து சேர 80 வருடம்.

எதில் தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், அஜீரணம் ஆகும். என் யோசனை இது:

1. இதுவரை பழைய படமே பார்க்காதவர்கள்: 'காதலிக்க நேரமில்லை'. கலர் படம், அலுக்காது.
2. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க: 'தில்லுமுல்லு', 'காசேதான் கடவுளடா'.
3. வசனத்துக்காக, இரண்டு தடவை பார்க்க: 'மைக்கேல் மதன காம ராஜன்'. முதல் தடவை சிரிப்பில் பாதி வசனம் காதில் விழாது.
4. பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு: 'பேசும் படம்'.
5. அரசியல் பிடித்தவர்களுக்கு: 'முகமது பின் துக்ளக்', 'இம்சை அரசன்', 'மண்டேலா', இதே வரிசையில்.
6. வரலாறு பிடித்தவர்களுக்கு: 'சபாபதி', 'அடுத்த வீட்டுப் பெண்', 'பாமா விஜயம்'.
7. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கனத்த மனதோடு தூங்கப் போக: 'சர்வர் சுந்தரம்'.

ஒரே ஒரு வேண்டுகோள். துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதல் டைட்டிலிலிருந்து 'வணக்கம்' வரை பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிரிப்பு வராவிட்டால் பதற வேண்டாம். நல்ல நகைச்சுவைப் படம் முதல் அரை மணி நேரம் பொய்யை அடுக்கிக்கொண்டிருக்கும். அது சரியும்போது கேட்கிற சத்தம்தான் நம் சிரிப்பு. அடுக்கியதைப் பார்க்காதவனுக்குச் சரிவதன் ருசி தெரியாது.

நேசமணிக்காக ஒரு நாள் முழுக்கப் பிரார்த்தனை செய்தோம். அவருடைய படத்தை ஒரு முறை முழுசாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?